வியர்வைக்கு ஒரு பட்டப்படிப்பு

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே உடற்பயிற்சி அறிவியல் பற்றியவை. கேட்டவர்களில் மாணவர்களும் உண்டு, ஃபீஸ் கட்டப்போகிறவர்களும் உண்டு.

*பிளஸ் டூ மாணவி, தூத்துக்குடி: எக்சர்சைஸ் சயின்ஸ் என்று ஒரு டிகிரி இருக்கிறதாமே? வகுப்பில் தண்டால் எடுக்கச் சொல்லித் தருவார்களா?*

தண்டால் எடுப்பவரின் மூச்சுக்குக் கணக்கு எழுதச் சொல்லித் தருவார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், உணவியல், விளையாட்டு உளவியல், அசைவுகளை இயற்பியலால் அளக்கும் பயோமெக்கானிக்ஸ், கூடவே புள்ளியியல். லேபில் ஒருவரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, முகமூடி மாட்டி, அவர் பயன்படுத்தும் ஆக்சிஜனை அளப்பீர்கள். இதற்கு மேல் முடியாது என்ற கட்டத்தில் கிடைக்கும் அளவுதான் விஓ2 மேக்ஸ். ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 40 மில்லி வாக்கில் இருந்தால் சராசரி இளைஞர். உலகத் தரமான நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 70-ஐ அநாயாசமாகத் தாண்டுவார்கள்.

இந்த அளவீட்டுக்கு அடித்தளம் போட்டவர் ஏ.வி.ஹில். தசை வெப்பத்தை உண்டாக்கும் விதம் பற்றிய ஆய்வுக்காக 1922-ம் ஆண்டின் மருத்துவ நோபலைப் பெற்ற ஆங்கிலேயர். மூச்சுக்காற்றைப் பிடிக்கும் பையைச் சுமந்துகொண்டு புல்தரையில் தானே சுற்றிச் சுற்றி ஓடி அளந்தார். நோபல் வாங்கியவரே ஓடியிருக்கிறார். முதலாண்டு மாணவிக்கு விலக்கு கிடைக்காது!

*ஒரு தந்தை, ஈரோடு: டாக்டர் சீட் கிடைக்கவில்லை. பையனை இதில் சேர்த்துவிடலாமா?*

"சேர்த்துவிடலாமா" என்று கேட்கிறீர்கள். "சேரட்டுமா" என்று அவனே கேட்டால் உடனே சரி என்று சொல்லுங்கள்.

*கல்லூரி மாணவர், திருநெல்வேலி: இதைப் படித்தால் பிசியோ ஆகலாமா? ஸ்கூலில் பி.டி. மாஸ்டர் வேலையாவது கிடைக்குமா?*

இரண்டுமே கிடையாது. சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கு பி.பி.டி. படிக்க வேண்டும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கு பி.பி.எட். மாதிரியான ஆசிரியர் படிப்பு வேண்டும். மூன்றையும் ஒரே கூடையில் போட்டு "எல்லாம் ஸ்போர்ட்ஸ் லைன்தானே" என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. கடைசி வருடத்தில் விண்ணப்பப் படிவத்தைப் பார்க்கும்போதுதான் பிள்ளைக்கு உண்மை தெரிகிறது. அந்த ஏமாற்றத்தை எந்த மாணவனுக்கும் தரக் கூடாது.

வேலைப் பிரிவினையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழங்கால் ஜவ்வு கிழிந்தால் அறுவை செய்பவர் டாக்டர். காலை மடக்கி நீட்ட வைப்பவர் பிசியோ. மடக்கி நீட்டும் காலை மறுபடி ஆட்டத்துக்குத் தயார் செய்து, அது தயார்தானா என்று அளந்து சொல்பவர் நீங்கள்.

*கிரிக்கெட் ரசிகர், சேலம்: இந்திய அணியில் வேலை கிடைக்குமா சார்?*

கிடைத்திருக்கிறது, அதுவும் நம் ஊர்க்காரர்களுக்கே. 2011-ல் உலகக் கோப்பையை வென்ற அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் சென்னையின் ராம்ஜி சீனிவாசன். கோலியைப் பளு தூக்கும் பயிற்சிக்குள் கொண்டுவந்த சங்கர் பாசுவும் சென்னைதான். யோ-யோ டெஸ்ட் தேநீர்க் கடைப் பேச்சானது பாசு காலத்தில்தான். டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ கால்பந்துக்காக உருவாக்கிய சோதனை அது. 20 மீட்டர் போய்த் திரும்ப வேண்டும், பத்து விநாடி இளைப்பாறல், ஒலி கேட்டதும் மறுபடி ஓட்டம். வேகம் ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் அணி ஒன்று, ஆசைப்படுகிறவர்கள் ஆயிரம். மாநில அணிகள், ஐபிஎல், கால்பந்து, கபடி லீக், தனியார் அகாடமி என்று வட்டத்தை விரியுங்கள். இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களிலும் உடற்தகுதிப் பயிற்சியாளர்களையும் உடலியங்கியல் நிபுணர்களையும் எடுக்கிறார்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. இந்தத் துறையில் முதல் சில வருடங்கள் சம்பளம் மெலிவு, ஊர் மாற்றம் அதிகம். வீட்டில் அதையும் சொல்லிவிட்டுச் சேருங்கள். பட்டத்தோடு, அமெரிக்காவின் என்எஸ்சிஏ நடத்தும் சிஎஸ்சிஎஸ் மாதிரியான சான்றிதழ் கையில் இருந்தால் பேச்சுக்கு எடை கூடும். பட்டம் இல்லாமல் அந்தச் சான்றிதழ் கைக்கு வராது.

*ஜிம் உறுப்பினர், மதுரை: எங்கள் ஜிம் மாஸ்டர் பத்தாவதுகூடப் படிக்கவில்லை. உடம்பைப் பார்த்தால் சிலை மாதிரி. டிகிரி எதற்கு?*

அவர் உடம்பைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். உங்கள் உடம்பைப் பற்றி?

*ஓய்வுபெற்ற எழுத்தர், தஞ்சாவூர்: எனக்குச் சர்க்கரை. டாக்டர் "வாக்கிங் போங்க" என்கிறார். இந்தப் படிப்பு படித்தவர்களால் எனக்கு என்ன பிரயோஜனம்?*

ஐயா, இந்தக் கட்டுரைக்கே நீங்கள்தான் காரணகர்த்தா. விளையாட்டு வீரர்களைவிட உங்களுக்குத்தான் இவர்கள் அதிகம் தேவை. சென்னை மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர் என்று அது மதிப்பிடுகிறது. அத்தனை பேருக்கும் ஒரே சீட்டு: "வாக்கிங் போங்க". எவ்வளவு தூரம், என்ன வேகம், மாத்திரைக்கு முன்பா பின்பா, கால் மரத்துப்போனவருக்கு என்ன மாற்று? இதைச் சொல்ல டாக்டருக்கு நேரம் இல்லை. சொல்வதற்கென்றே படித்தவரை நம் மருத்துவமனைகளில் உட்கார வைக்கவும் இல்லை.

உழைக்கும் தசை, இன்சுலின் சொல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஜிஎல்யுடி4 என்ற புரதம் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு ஏறி வந்து அந்த வேலையைச் செய்கிறது. பயிற்சியால் இன்சுலினுக்குக் கூடும் பலனும் ஓரிரு நாளில் கரைந்துவிடும். அதனால்தான் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்கிறார்கள். விழித்திரை பாதித்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடை தூக்கக் கூடாது. இன்சுலின் போடுபவர் நடக்கும்போது சட்டைப் பையில் ஏதாவது இனிப்பு இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு மாதிரி உடற்பயிற்சிச் சீட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

*அதே வாசகர், பின்குறிப்பில்: இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா?*

லண்டன் டபுள் டெக்கர் பஸ்ஸில் உண்டு. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-ல் வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி டிக்கெட் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு.

*இல்லத்தரசி, கடலூர்: அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வாரமாகப் படுக்கை. "நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்கிறார்கள் உறவினர்கள்.*

உறவினர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில், இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் கிடக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய விஓ2 மேக்ஸ் கால் பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகம்! ஐம்பது வயதில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தபோது, முதுமையால் போனதும் திரும்பி வந்தது.

அம்மாவின் சர்ஜனிடம் இன்றே கேளுங்கள்: எப்போது உட்காரலாம், எப்போது நிற்கலாம், எத்தனை அடி நடக்கலாம்?

*மென்பொருள் ஊழியர், கோவை: கையில் கட்டிய வாட்ச்சே இதயத் துடிப்பைச் சொல்கிறது. இனி மனுஷன் எதற்கு?*

இதய நோய்க்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் துடிப்பு அவ்வளவாக ஏறாது. வாட்ச் "சுலபமான நடை" என்று பாராட்டும், மனிதர் மூச்சு வாங்குவார். அந்த இடத்தில் "எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்க ஆள் வேண்டும். சுவீடனின் குன்னர் போர்க் அந்தக் கேள்விக்கு 6 முதல் 20 வரை ஓர் அளவுகோலே வகுத்தார். ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட அவர் இதயத் துடிப்பு.

*பட்டதாரி, திருச்சி: வெளிநாட்டில் மதிப்பு இருக்கிறதா?*

ஆஸ்திரேலியாவில் நன்றாகவே இருக்கிறது. அங்கே அங்கீகாரம் பெற்ற உடற்பயிற்சி உடலியங்கியல் நிபுணர் ஒரு மருத்துவத் துறை ஊழியர். நாட்பட்ட நோய் உள்ளவரைக் குடும்ப டாக்டர் இவரிடம் அனுப்பினால், மெடிகேர் காப்பீடு வருடத்துக்குச் சில சந்திப்புகளின் செலவில் பங்கேற்கும். நம் ஊரிலும் இப்படி ஒரு பதவி அரசு மருத்துவமனைக்குள் வர வேண்டும் என்பது என் தீராத ஆசை.

*மாணவி, நாகர்கோவில்: பெண்களுக்கு இது ஏற்ற துறையா?*

பெண்கள் வராததால்தான் துறையில் ஓட்டை இருக்கிறது. பயிற்சி பற்றிய ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஆண்களை வைத்தே நடந்தவை. ஒரே விளையாட்டில் முழங்கால் ஏசிஎல் ஜவ்வு கிழிவது பெண்களுக்குத்தான் கூடுதல். மாதவிடாய் நின்றுபோகும் அளவுக்குச் சாப்பாடு குறைந்து ஓடும் பெண்பிள்ளைகள் ஆண் கோச்சிடம் வாய் திறப்பதில்லை. நீங்கள் வந்தால் அவர்கள் பேசுவார்கள்.

*இன்னொரு தந்தை, வேலூர்: எந்தக் கல்லூரி?*

சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் மருத்துவமனையோடு சேர்ந்த விளையாட்டு அறிவியல் மையம் இருக்கிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி நந்தனத்தில், அது உடற்கல்விக்குப் பெயர் போனது. வடக்கே போகத் தயார் என்றால் குவாலியரில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம்.

எங்கே போனாலும் பிராஸ்பெக்டஸைப் புரட்டுவதற்கு முன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டிரெட்மில் மேல் உறை போர்த்தியிருந்தால், அதைக் கழற்றிக் கடைசியாக ஓடிய மாணவர் யார், எப்போது என்று கேளுங்கள். பயிற்சிக் காலத்துக்கு எந்த மருத்துவமனைக்கு, எந்த அணிக்கு, எத்தனை வாரம் அனுப்புவார்கள் என்று எழுதி வாங்குங்கள். அதன் பிறகு ஃபீஸ் கட்டுங்கள்.