கைடு கிடக்கட்டும், கல்லைப் பாரு பேராண்டி

இன்னா பேராண்டி, பத்தாவது பரிட்சைக்கு ரிவிஷனாமே? தெருவுக்கே தெரியுது. உங்க அம்மா டிவி ஒயரைப் பிடுங்கிட்டா. உங்க நைனா வூட்டுக்குள்ள சத்தமில்லாம நடக்குறான். ஆயாவோட வெத்தலை உரலைக்கூட ஒளிச்சு வெச்சாச்சு. ஒருத்தன் படிக்க ஒரு குடும்பமே மூச்சைப் பிடிச்சுக்கினு கிடக்குது.

நீ இன்னா பண்றே? மொதல்ல டைம் டேபிள் போடுறே. ஸ்கேல் வெச்சு, நாலு கலர் பேனாவுல. அது முடியவே ரெண்டு நாளு. அப்புறம் புத்தகத்துல கோடு. முக்கியமானதுக்கு மஞ்சள், ரொம்ப முக்கியமானதுக்குப் பச்சை. இப்ப பாரு, புத்தகம் பூரா பச்சை. தப்பிச்சது பக்க நம்பர் மட்டும்தான். அப்புறம் செல்போனு. 'ஒரே ராத்திரியில அறிவியல் சென்டம்'னு ஒருத்தர் அதுல கத்துறாரு. அந்தக் கத்தலையும் ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட விடுறே. அதுக்கு மேல கைடு, ஸ்லிப் டெஸ்ட்டு, புக் பேக் ஒன் மார்க்கு, மினிமம் மெட்டீரியல். எல்லாம் இருக்குதுடா கண்ணு. யோசனை மட்டும் எங்கே?

மனப்பாடம் பண்ணினது வாடகை சைக்கிளு. பரிட்சை முடிஞ்ச சாயங்காலமே திருப்பிக் கொடுத்திடணும். எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25னு மார்க்கு வந்துடும். மறுநாள் மண்டையில இன்னா மிச்சம்?

சரி, நான் ஒரு ரிவிஷன் வைக்கிறேன். காசு கிடையாது. மாமல்லபுரம் வரைக்கும் பஸ் டிக்கெட்டு மட்டும் எடுத்துக்கோ.

அங்க வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்குது பார். சுமார் 6 மீட்டர் உசரம், 250 டன்னுக்கு மேல எடைன்னு சொல்றாங்கோ. சரிவுல ஒக்காந்திருக்குது. 1908ல கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானை கட்டி இழுக்கச் சொன்னாராம், அசையலையாம்னு ஊர்க்கதை. இப்ப வர்றவங்க இன்னா பண்றாங்கோ? கையைத் தூக்கிக் கல்லைத் தாங்குற மாதிரி போட்டோ. அந்தக் கை இல்லைன்னா கல்லு உருண்டுடும் பாரு!

நீயும் எடுத்துக்கோ, வேணாங்கலை. ஆனா ஒண்ணு கேக்குறேன். அதே சரிவுல பிள்ளைங்க சறுக்கி விளையாடுறாங்கோ. உன் கால்சட்டை வழுக்குது. கல்லு ஏன் வழுக்கலை?

"அது கனம் தாத்தா"ன்னு சொல்லுவே. போச்சு! கனம் கூடினா கீழே இழுக்கிற விசை கூடும், பாறைமேல பிடிக்கிற உராய்வும் கூடவே கூடும். ரெண்டும் சரிக்குச் சரி. கனத்துக்கு அங்க வேலையே இல்லை. நீ சறுக்குற தடம் தலைமுறை தலைமுறையா பிள்ளைங்க தேய்ச்சு மழமழன்னு ஆக்கினது. கல்லுக்கு அடியில எவன் போய்ச் சறுக்கினான்? அங்க பிடிப்பு அப்படியே இருக்குது. சரி, வழுக்கலை. ஏன் உருளலை? அதோட ஈர்ப்பு மையத்துல இருந்து நேரா கீழே ஒரு கோடு விட்டா, அது கல்லு ஒக்காந்திருக்கிற அடிப்பரப்புக்குள்ளேயே விழுது. இதைத்தானே பச்சைக் கோடு போட்டு வெச்சிருக்கே? கல்லுகிட்ட வந்ததும் ஏன் வாயடைச்சுப் போனே?

அப்படியே தேவனேரி, கொக்கிலமேடு பக்கம் போ. பாய் கட்டி ஓட்டின காலத்துல மீனவங்க விடியக்காலையில கிளம்புவாங்கோ, மத்தியானத்துக்கு மேல திரும்புவாங்கோ. ஏன் அந்த நேரம்? நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். தண்ணிக்கு வெப்ப ஏற்புத்திறன் அதிகம், மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் ஆறும். அதனால ராத்திரியில காத்து கரையிலேருந்து கடலுக்கு, பகல்ல கடல்லேருந்து கரைக்கு. போகவும் வரவும் காத்து ஓசி. அவங்க யாரும் புக் பேக் எழுதலை, ஆனா ஒரு நாளும் பதிலைத் தப்பா சொல்லலை. தப்பா சொன்னா அன்னிக்குச் சோறு கிடையாது.

இப்ப கல்பாக்கம். இங்கதான் நீ ரொம்ப பந்தா பண்றே. தணிப்பான், கட்டுப்படுத்தும் கழி, குளிர்விப்பான்னு கடகடன்னு ஒப்பிக்கிறே. கேக்க நல்லாத்தான் இருக்குது. கடைசியில அந்த உலையில இன்னாடா நடக்குது? அணுவைப் பிளக்குறாங்கோ, சூடு வருது. அந்தச் சூட்டுல தண்ணியை ஆவியாக்கி, ஆவியால டர்பைனைச் சுத்த விட்டு, கரண்ட்டு எடுக்குறாங்கோ. அவ்ளோ பெரிய வித்தை பண்ணிக் கடைசியில வெந்நீர்தான் வைக்கிறாங்கோ! உங்க ஆயாகிட்ட சொல்லிப் பாரு, சிரிப்பா. ஆனா அவளுக்கு அது புரிஞ்சுடும். உன் 'தணிப்பான்' அவளுக்குப் புரியுமா?

அதையும் உடைச்சுப் பார்த்துடலாம். அங்க 220 மெகாவாட் உலை ரெண்டு. 1983ல ஒண்ணு, 1985ல இன்னொண்ணு தொடர்வினையைத் தொடங்கிச்சு. அதுல தணிப்பான் கனநீர். எதுக்கு? நியூட்ரானோட வேகத்தைக் குறைக்க. ஏன் குறைக்கணும்? மெதுவா வர்ற நியூட்ரான்தான் யுரேனியம்-235ஐ நல்லா பிளக்கும். சபாஷ், ரெண்டு 'ஏன்' தாண்டிட்டே. மூணாவது கேக்குறேன். அதே கல்பாக்கத்துல 500 மெகாவாட் வேக ஈனுலை கட்டியிருக்காங்களே, அதுல தணிப்பானே கிடையாது. ஏன்?

இன்னா, கைடைத் தேடுறே? அதுல இருக்காது. பேருலேயே இருக்குது பதிலு. அது வேகமான நியூட்ரானை வெச்சே ஓடுற உலை. அதுக்குத் தோதா புளூட்டோனியம் கலந்த எரிபொருளு. அதனாலதான் குளிர்விக்கக்கூடத் தண்ணி விடலை. தண்ணி பட்டா நியூட்ரான் வேகம் குறைஞ்சுடும். உருக்கின சோடியத்தை ஓட விடுறாங்கோ. பார்த்தியா? மூணாவது 'ஏன்'லதான் பாடம் திறக்குது. மொத ரெண்டு வாசப்படி.

நெம்மேலிக்கு வா. 2013லேருந்து அங்க கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்குறாங்கோ, ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். 2024ல பதினைஞ்சு கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலையும் வந்துடுச்சு. தலைகீழ்ச் சவ்வூடு பரவல்னு பேரு சொல்லிட்டு ஓடிடுவே. நில்லு. நேர் சவ்வூடு பரவல் தெரியுமா? ஆயா மாங்காயை உப்புல போட்டா மறுநாள் ஜாடியில தண்ணி நிக்குதே, அது யார் ஊத்தினது? உப்பு குறைஞ்ச பக்கத்துல இருந்து அதிகமான பக்கத்துக்குத் தண்ணி சவ்வைத் தாண்டிப் போவும். மீனு கருவாடா சுண்டுறதுலயும் பாதி வேலை உப்போடதுதான். நெம்மேலியில மோட்டார் வெச்சு அழுத்தி அந்தத் தண்ணியை எதிர்ப்பக்கம் தள்ளுறாங்கோ. அவ்ளோதான். அழுத்தத்துக்குக் கரண்ட்டு வேணும், அதான் அந்தத் தண்ணி மலிவா வர்றதில்லை. ஊறுகாய் ஜாடியைத் தெரிஞ்சவனுக்கு இந்த ஆலை பாதி தெரிஞ்ச மாதிரி.

ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசாதே தாத்தான்னு முணுமுணுக்குறே, கேக்குது. நியாயம்தான். கிழவங்க சொல்றதையெல்லாம் நம்பவும் நம்பாதே. எங்க காலத்துல பாம்பு பால் குடிக்கும், மகுடிக்கு மயங்கும், பழி வாங்கும்னு சொன்னாங்கோ. ஒருத்தனும் சோதிச்சுப் பார்க்கலை. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போயி, அங்க பாம்பு பிடிக்கிற இருளருங்களைக் கேளு. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, மகுடி ஆடுறதைப் பார்த்துத்தான் அதுவும் ஆடுது. 1978லேருந்து சங்கம் வெச்சு, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுறாங்கோ. அந்த விஷத்தைத்தான் குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி, அது ரத்தத்துல உண்டாகிற எதிர்ப்பொருளை எடுத்து மருந்தாக்குறாங்கோ. நோய்த்தடைக்காப்பு பாடம்னு தூங்கி வழிஞ்சியே, அது இதுதான். அவங்கள்ல வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017ல அமெரிக்காவுக்கே போயி ஃபுளோரிடாவுல மலைப்பாம்பு பிடிச்சுக் கொடுத்தாங்கோ. 2023ல பத்மஸ்ரீ. எந்த ப்ளூ பிரிண்ட்டு வெச்சுப் படிச்சாங்கோ? மண்ணுல தடம் பார்க்கப் படிச்சாங்கோ.

அந்தப் பண்ணையிலேயே இன்னொண்ணும் இருக்குது. புத்தகத்துல எக்ஸ், ஒய்னு படிச்சே இல்லே, ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது? முதலைக்கு அந்தக் கணக்கு கிடையாது. முட்டை கிடக்கிற மண்ணோட சூடுதான் முடிவு பண்ணுது. அதுக்காக புத்தகம் தப்பா? இல்லைடா. அது மனுசனைப் பத்தி எழுதினது. நீ உலகத்துக்கே சேர்த்துப் படிச்சுட்டே.

ஆக, புத்தகத்தை நான் குறை சொல்லலை. அது நல்ல புத்தகம்தான். அத்தக் கையில வெச்சுக்கினு கண்ணை மூடுறியே, அதுதான் கோளாறு. வெறுங்கண்ணை மட்டும் நம்பினா பாம்புக்குப் பால் ஊத்துவே. வெறும் புத்தகத்தை நம்பினா கல்லுகிட்ட வாயடைச்சு நிப்பே. ரெண்டையும் மோத விடு. மோதுற இடத்துலதான் அறிவு கிடக்குது.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யி. பேனாவையெல்லாம் மூடு, செல்போனைக் கொண்டுபோய் நைனாகிட்ட கொடு. ஒரே ஒரு பாடத்தை எடுத்துப் படி. புத்தகத்தை மூடிட்டு ஆயாவுக்குச் சொல்லு, அவ பாஷையில. அவ மூணு தடவை 'ஏன்'னு கேப்பா. மூணுக்கும் பதில் வந்தா நிம்மதியா தூங்கு, சென்டம் தானா வரும். வரலைன்னா புத்தகத்தைத் திரும்பத் திற. அதுக்குப் பேருதான்டா ரிவிஷன்.