பெங்களூர்ல ஒத்துக்கலை சார்

பெங்களூர் நமக்கு ஒரு ஊர். நம் மயிலாப்பூர் ஆடிட்டருக்கு அது ஓர் ஆள். கொஞ்சம் கோபக்கார ஆள். "பெங்களூர்ல ஒத்துக்கலை சார்" என்பார். "நேத்து ராத்திரி பெங்களூர்க்காரன் மெயில் போட்டிருக்கான்" என்பார். முதல் தடவை கேட்பவர், இவருடைய மைத்துனர் யாரோ சொத்துத் தகராறில் கோபித்துக்கொண்டு அங்கே போய்விட்டார் என்றுதான் நினைப்பார்.

வருமான வரித் துறையின் மத்தியச் செயலாக்க மையம், அதாவது சி.பி.சி., பெங்களூரில் இருக்கிறது. ஆன்லைனில் தாக்கலாகும் ரிட்டர்ன்கள் அங்கேதான் அரைபடுகின்றன. பத்துப் பேர் வேலை செய்தாலும் பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் என்று வால் இருந்தால் ஐ.டி.ஆர்.-6 படிவம். அதில் கணக்கு உதைத்தால், 1961 சட்டத்தின் 139(9) பிரிவில் 'டிஃபெக்டிவ்' என்று மெயில் வரும். 15 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். அவகாசம் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ரிட்டர்ன் செல்லாது, தாக்கலே செய்யாத மாதிரி. அந்த வருஷத்து வியாபார நஷ்டத்தை அடுத்தடுத்த வருஷங்களில் கழித்துக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு போச்சு.

இதெல்லாம் ஆடிட்டர் வாயிலிருந்து வராது. அவர் பேச்சில் பெங்களூர் மாப்பிள்ளை வீடு. நாம் பெண்ணைப் பெற்றவர்கள். அவர் நடுவில் போய்வரும் தரகர். அங்கே ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

"என்ன குறையாம் சார்?"

"அவனுக்குத் திருப்தி இல்லை."

"எதுல?"

"பொதுவா."

"போன வருஷமும் இதே மாதிரிதானே போட்டோம்? ஒத்துக்கிட்டாங்களே!"

"போன வருஷம் நல்ல மூடுல இருந்திருப்பான்."

மூடு மாறுவதற்கு அந்தக் கட்டத்தில் ஆளே கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பது கம்ப்யூட்டர். அதற்கு மயிலாப்பூர்மேல் வன்மம் இல்லை; காவிரித் தகராறும் தெரியாது. நோட்டீஸில் கட்டம் போட்டு, பிழை எண், பிழை என்ன, எப்படிச் சரிசெய்யலாம் என்று மூன்றையும் அதுவே எழுதி அனுப்புகிறது. எந்த மாப்பிள்ளை வீடு இவ்வளவு பச்சையாகக் காரணம் சொல்லும்?

காரணமும் பெரும்பாலும் சப்பையாகத்தான் இருக்கும். தி.நகரில் ஆபீஸ்களுக்கு ஏ.சி. பராமரிக்கும் ஒரு கம்பெனி என்று வையுங்கள். மார்ச் கடைசியில் வாடிக்கையாளர் முன்பணம் கொடுக்கிறார். டி.டி.எஸ். பிடித்து, கம்பெனியின் பான் எண்ணில் கட்டியும்விடுகிறார். வேலை முடிந்து பில் போடுவது ஏப்ரலில். நம் பேரில் பிடித்த வரி பதிவாகும் 26ஏ.எஸ். படிவத்தில் வரவு அதிகம். நம் லாப நஷ்டக் கணக்கில் குறைவு. பிடித்த வரியை மட்டும் முழுசாக இந்த வருஷமே கேட்டுவிட்டு, அதற்குரிய வருமானத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினால் கம்ப்யூட்டர் கேட்கத்தானே செய்யும்? அந்த டி.டி.எஸ்ஸையும் அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோவதாகக் காட்டப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. அதை நிரப்பி, திருத்திய ரிட்டர்னை ஏற்றினால் தீர்ந்தது. குறையே இல்லை என்று நினைத்தால், போர்ட்டலில் 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று தட்டி விளக்கம் எழுதலாம்.

நம்மவர் அரை மணி நேரம் பெங்களூரைக் காய்ச்சி எடுப்பார். "இவனுக்கு அக்கவுண்டன்ஸி தெரியுமா? நான் ஃபைனல் பாஸ் பண்ணினப்போ இவன் எங்க இருந்தான்?" என்று கர்ஜிப்பார். கடைசியில் மவுஸைப் பிடித்து, 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தட்டுவார். வீரமெல்லாம் வாயோடு.

தட்டினால் மட்டும் போதாது, கம்பெனி ரிட்டர்னுக்கு டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் இருக்கும். அந்த டோக்கன் டைரக்டரிடம் இருக்காது. ஆடிட்டரின் மேஜை இழுப்பறையில், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும். லஸ்ஸிலிருந்து அடையாறு காந்தி நகர் வரைக்குமான நாற்பது டைரக்டர்களின் கையெழுத்து அந்த டப்பாவுக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கிறது. ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை பிளாஸ்திரி, அதில் பால்பாயிண்ட் பேனாவில் இனிஷியல். வியர்வையில் பாதி அழிந்துபோனவை. 'எஸ்.ஆர்.' மட்டும் மூன்று. ஆடிட்டரிடம் பயிற்சியில் இருக்கும் ஆர்ட்டிகிள் பையன் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பான். சரியான எஸ்.ஆர். அகப்படும்போது, அதன் இரண்டு வருஷ ஆயுள் போன மாதத்தோடு முடிந்திருக்கும்.

அதே பையன்தான் போன் பண்ணி, "சார், உங்க கம்பெனியோட டேட் ஆஃப் பர்த் என்ன?" என்று கேட்பான். நோட்டீஸ் பி.டி.எஃப்பைத் திறக்கப் பான் எண்ணோடு கம்பெனி பதிவான தேதியும் கடவுச்சொல்லாக வேண்டும். அந்தத் தேதி ஆடிட்டரின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதாவது, நோட்டீஸை இன்னும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள்தான் அவனுக்குத் திருப்தி இல்லை என்று தீர்ப்பு.

ஆடிட்டர்களில் வெற்றிலை போடுகிறவர், ஜோசியம் பார்க்கிறவர் என்று உட்பிரிவுகள் உண்டு. மார்கழி ஆடிட்டரை மட்டும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ரிட்டர்னுக்குக் கெடு வழக்கமாக அக்டோபர் 31. பெங்களூர் மெயில் டிசம்பரில் வந்து தொலைத்தால் அவர் டி.டி.கே. சாலைப் பக்கம் ஏதாவது சபாவில் இருப்பார். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால்தான் வெளியே வந்து, கேன்டீன் வரிசையில் நின்றபடி போனை எடுப்பார்.

பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். 7-ஆம் தேதி டி.டி.எஸ்., 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி., செப்டம்பர் முடிவதற்குள் வரித் தணிக்கை அறிக்கை என்று காலண்டர் முழுக்க அவருக்குக் கெடுதான். 2021 ஜூன் 7-இல் புதிய போர்ட்டல் வந்து, மாதக்கணக்கில் படுத்துப் படுத்து எழுந்தபோது நடுராத்திரியில் உட்கார்ந்து ரிட்டர்ன் ஏற்றினவர்கள் இவர்கள்தான். மனைவி தூங்கின பிறகு சர்வர் கொஞ்சம் நன்றாக வேலை செய்யும் என்பது அவருடைய தொழில் ரகசியம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போர்ட்டலில் கம்பெனியின் மெயில், மொபைல் என்று கேட்கும் இடத்தில் இவர் தன்னுடையதைப் போட்டு வைத்திருக்கிறார். ஓ.டி.பி.க்கு வசதியாம். அறுபது கம்பெனிக்கும் அதே மெயில். வங்கி விளம்பரத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் நோட்டீஸ் போய் விழுகிறது. 15 நாளும் அவருடைய இன்பாக்ஸில் ஓடுகிறது. ரிட்டர்ன் செல்லாமல் போனால் தாமதக் கட்டணமும் நஷ்டமும் கம்பெனி தலையில். இதில் பெங்களூருக்கு என்ன சம்பந்தம்? மெயிலை மாற்றுங்கள் சார், டோக்கனைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால், "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் வாடிவிடுகிறது.

எங்கள் மெயில் முகவரி அவருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அவருடைய ஃபீஸ் பில் ஒரு தடவைகூட வேறெங்கும் போனதில்லை.