லண்டன் டிவியும் தண்ணிக் கழிவும்

டேய் பேராண்டி, வேல விட்டு வந்ததும் போனைத் தொறந்து லண்டன் டிவிக்குள்ள பூந்துர்றியாமே. சந்தோசம். அந்தக் காலத்துல துரை பங்களா ஹோல்ல என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்க நம்மாளுக்கு வழி இல்ல. பங்களா அப்புவும் தோட்டக்காரனும் வந்து சொன்னாத்தான் சேதி. நீ என்னடான்னா இஸ்தோப்புல குந்திக்கிட்டே துரைசானி ஊரையே பாக்கிற. பாரு, நல்லாப் பாரு. ஆனா எப்படிப் பாக்கணும்னு வாத்தியாரு சொல்லித்தர மாட்டாரு. படிக்காத கெழவன் நான் சொல்றேன்.

அந்தியில நம்ம பொம்பளைங்க கொழுந்து நிறுக்கையில என்ன நடக்கும்? கூடைக்கு இவ்வளவு, மழைத் தண்ணிக்கு இவ்வளவுன்னு கழிச்சிட்டு, மிச்சத்துக்குத்தான் கணக்கப்பிள்ளை பேர் போடுவான். வெள்ளைக்காரன் நமக்குச் சொல்லிக்குடுத்த ஒரே படிப்பு அதுதான். அதையே அவன் டிவிக்கும் போடு. கூடையைக் கழி, தண்ணியைக் கழி, மிச்சம் என்னன்னு பாரு.

வெள்ளனத்துல சோபாவுல உக்காந்து செய்தி சொல்லுவாங்க. பெறகு சமையல். மத்தியானம் நாலு பொம்பளைங்க மேசையைச் சுத்தி உக்காந்து ஊர்க்கதை பேசுவாங்க. நம்ம பீலிக்கரையில சும்மா நடக்கிற வேலை, அங்க அதுக்குச் சம்பளம். அந்திக்குக் கேள்வி கேட்டுச் சல்லி குடுக்கிற போட்டி. ராவானா நாடகம், இல்லாட்டி பந்தாட்டம். எல்லாத்தையும் கழிச்சிட்டுப் பாரு. எல்லாருக்கும் முன்னால ஒரு கோப்பை தேத்தண்ணி இருக்கும். அந்த நாட்டுச் சனம் ஒரு நாளைக்குக் குடிக்கிறது பத்துக் கோடிக் கோப்பைன்னு அவுங்க தேயிலைச் சங்கமே கணக்குச் சொல்லுது. நம்ம லயத்துலயும் குடிக்கிறோம்தான், பாலில்லாம வெறும் சாயம்.

கோப்பையை விடு, கேத்தலைப் பாரு. டிவியில நல்ல ஆட்டம் முடிஞ்சா அந்தச் சனம் மொத்தமா எந்திரிச்சுப் போயி கரண்டுக் கேத்தலைத் தட்டி விடும். அதுக்குன்னே அங்க உள்ள கரண்டுக்காரன் டிவி நிரலைக் கையில வச்சிக்கிட்டு முழிச்சிருப்பான். 1990 ஜூலை 4ஆம் திகதி உலகக் கிண்ண அரையிறுதியில இங்கிலாந்து பெனால்டியில மேற்கு ஜெர்மனிக்குத் தோத்துச்சி. தோத்த துக்கத்துக்குக் குடிச்ச தேத்தண்ணிக்கு ஒரே மூச்சுல 2,800 மெகாவாட் ஏறிப்போச்சு. இன்னைக்கு நம்ம நாடு பூரா ராவுல எரிக்கிற கரண்டு கிட்டத்தட்ட அவ்வளவுதான்டா! வேல்ஸ் மலையில தினோர்விக்னு ஒரு நிலையமே இருக்கு. மேல தேக்கி வச்ச தண்ணியைத் தொறந்து விட்டு, இப்படித் திடீர்னு ஏறுற கரண்டுக்கு ஈடு குடுக்கும்.

நம்மகிட்டயும் தேக்கி வச்ச தண்ணி இல்லாம இல்ல. காசல்ரீ இருக்கு, மவுசாக்கலை இருக்கு, தலவாக்கலையில மேல் கொத்மலை இருக்கு. மவுசாக்கலைத் தண்ணிக்கடியில பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கு. தண்ணி வத்துனா கோயில் தலைகாட்டும். அந்தத் தண்ணியில எடுத்த கரண்டு கொழும்புக்கு எறங்கிப் போகையில, அணைக்கட்டு ஓரத்து லயத்துல குப்பி லாம்பு எரிஞ்சிச்சி. அங்க கேத்தலுக்குக் கரண்டு காத்திருந்திச்சி. இங்க கரண்டுக்காகச் சனம் காத்திருந்திச்சி.

அடுத்தது விளம்பரம். அதைத் தள்ளிவிட்டுப் போயிராத, அங்கதான் ருசியே இருக்கு. ஐடிவியில 1956லேருந்து பீஜீ டிப்ஸ் தேயிலைக்கு ஒரு விளம்பரம் வந்துச்சி. சிம்பன்சிக் குரங்குங்களுக்குக் கோட்டு, தொப்பி, கவுன் எல்லாம் மாட்டி, மேசையில உக்காத்தி, கோப்பையில தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, மனுசக் கொரலையும் போட்டுப் பேச வச்சாங்க. 2002 வரைக்கும் அந்தக் குரங்குங்களுக்கு வேலை இருந்துச்சி. நம்மாளு மழைக்குப் போட்ட கம்பளிக்கே கணக்குல பிடிச்சான். அங்க குரங்குக்குக் கோட்டு இனாம். எனக்குப் பொறாமை இல்ல. அந்தக் குரங்குங்க ஒரு நாளும் அட்டைக்கடி வாங்கினதில்லேன்னுதான் வருத்தம்.

இனி நாடகத்துக்கு வா. கொரோனேஷன் ஸ்ட்ரீட்னு ஒண்ணு ஓடுது. 1960ல தொடங்கினது, இன்னும் முடியல. மெட்ராஸ் சீரியல் இழுக்குதுன்னு உங்கத்தை மூக்கைச் சிந்துவாளே, அவகிட்ட இதைச் சொல்லு. கதை நடக்கிறது வேலைக்காரச் சனம் குடியிருக்கிற, ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீட்டுல. அதுவும் லயம்தான். அதை எடுத்தது மான்செஸ்டர்ல இருந்த கிரனாடாக் கொம்பனி.

அதே கிரனாடாதான் 1973ல வேர்ல்ட் இன் அக்ஷன்கிற நிகழ்ச்சிக்கு நம்ம மலைக்கு கெமராவைத் தூக்கிக்கிட்டு வந்துச்சி. வெள்ளைக்காரக் கொம்பனித் தோட்டங்கள்ல கூலி என்ன, வயித்துக்கு என்ன, பிள்ளைங்க எப்படி இருக்குன்னு அரை மணி நேரம் காட்டுச்சி. ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு யாரு வெலை குடுக்கிறாங்கிறதுதான் அந்தப் படத்துல கேள்வி. பஞ்சம் நம்ம லயத்துக்குள்ள பூந்துக்கிட்டிருந்த நேரம் அது. அங்க பாத்தவன் கோப்பையைக் கீழ வச்சிட்டான், கொம்பனிக்காரனுக்கு வேர்த்துச்சி. குரங்குக்கு நாப்பது வருசத்துக்கு மேல, நமக்கு அரை மணி நேரம். ஆனா தண்ணின்னு கழிக்க முடியாத அரை மணி நேரம்டா அது.

அந்தப் படம் ஓடி ரெண்டு வருசத்துல, 1975ல, கொம்பனித் தோட்டத்தை எல்லாம் அரசாங்கம் எடுத்துச்சி. படத்தாலதான்னு நான் சொல்ல மாட்டேன், அரசியல்வாதி கோவிச்சுக்குவான். 1992ல நிர்வாகம் திரும்பவும் கொம்பனிங்க கைக்குப் போச்சு. துரை நெறம் மாறினான், லயம் மாறல. ஆயிரம் ரூவா, ஆயிரம் ரூவான்னு வருசக்கணக்காக் கத்தி 2021ல வாங்கினோம். வாங்கின கையோட பல தோட்டத்துல பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிட்டான். 2024ல 1,350 ஆச்சு. வெள்ளைக்காரனும் இப்ப கூடுதலாக் குடிக்கிறது கென்யாத் தேயிலை. நம்மது ஈராக்குக்கும் துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் போகுது. அதுனால லண்டன்காரன் வந்து கேப்பான்னு நீ வாசல்ல காத்துக் கிடக்காத.

அவன் இப்பவும் வர்றான்தான். ரயிலை எடுப்பான், பங்களாவை எடுப்பான், கூடையோட சிரிக்கிற பொம்பளையை எடுப்பான். கழிவு போட்டுப் பாரு, பச்சை மலை மட்டுந்தான் மிச்சம். ஒழுகுற தகரமும் சம்பளத் துண்டும் அவன் கெமராவுக்குள்ள கொள்ளாது போல.

நம்ம நாட்டு டிவி மட்டும் என்னவாம்? 1982ல ரூபவாஹினி தொடங்கினப்ப கோபுரத்தை நட்டது நம்ம நுவரெலியா பீதுருதாலகால மலை உச்சியில, 2,524 மீட்டர் உசரத்துல. நாட்டுக்குப் படம் நம்ம தலைக்கு மேலேருந்து போகுது. அதுல நம்ம மூஞ்சி தெரியிறது தேர்தல் வந்தா, மண்ணு சரிஞ்சா, சம்பளப் பேச்சு முறிஞ்சா. மத்த நாளெல்லாம் கோபுரம் மட்டும் நமக்கு, படம் மத்தவனுக்கு.

அதுனால சொல்றேன், லண்டன் டிவியை நிப்பாட்டாத, சமையல் பாரு, பந்தாட்டம் பாரு. பாத்து முடிச்சிட்டு, அந்தப் போனைத் திருப்பி நம்ம பக்கம் பிடி. தராசு முள்ளு எங்க நிக்குதுன்னு எடு, எழுதுன கிலோ என்னன்னு எடு, ஆத்தாளோட சம்பளத் துண்டுல என்னென்ன கழிச்சிருக்கான்னு எடு. திகதி போட்டு வச்சிக்க, சங்கத்துக் கூட்டத்துல காட்டு. கிரனாடாக்காரன் கடல் தாண்டி வந்து காட்டின அரை மணி நேரத்தை நீ பெரட்டுக் களத்துலேருந்தே காட்டலாம். அடுத்த அரை மணி நேரத்துக்கு இன்னொரு ஐம்பது வருசம் காத்திருக்க நம்மளால முடியாதுடா.