பழங்கணினி விழுகையின் காரணவியல்: பத்மநாபபுரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

புதிய மென்பொருளைச் சொடுக்கியதும் திரை ஒருமுறை மின்னி, ஒன்றுமே நடவாததுபோல் பழைய முகப்பு வந்து நிற்கும் நிலைக்கு ‘விழுகை’ என்று பெயரிடுவோம். பத்மநாபபுரம் கோட்டைவாசல் தொடங்கித் தக்கலைப் பேருந்து நிலையம் வரை இதற்கு மூன்று சமயங்கள் உண்டு. தூசுவாதிகள் ராமைக் கழற்றி ரப்பரால் தேய்ப்பர். வைரசுவாதிகள் பென்டிரைவ் கொண்டுவந்தவரைச் சந்தேகிப்பர். மூன்றாமவருக்கு ஒரே மந்திரம்: “ஒரு ஃபார்மேட் போட்டுரலாம் அண்ணே.” இவர்களை வாதத்தில் வெல்ல இயலாது, ஃபார்மேட்டோடு சாட்சியமும் அழிந்துவிடுகிறது.

இனி நம் சித்தாந்தம். ஒவ்வொரு செயலிக்கும் (பிராசசருக்கும்) பிறவியிலேயே தெரிந்த ஆணைகள் இத்தனை என்று உண்டு. தெரியாத ஆணை வந்தால் அது இயங்குதளத்திடம் முறையிடும். இயங்குதளம் மென்பொருளை அங்கேயே முடித்துவிடும். லினக்ஸ் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சொல்லி 4-ஆம் எண் சிக்னலை அனுப்பும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் சி000001டி என்ற எண் கிடக்கும். அதைக் கண்ட பிறகும் ராமைத் தேய்ப்பவர் பக்தர், ஆய்வாளர் அல்லர்.

2001-இல் வந்த ஆத்லான் எக்ஸ்பி செயலிக்கு எஸ்எஸ்இ2 என்ற ஆணைத்தொகுப்பு தெரியாது. 2018 மார்ச்சில் விண்டோஸ் 7-க்கு வந்த புதுப்பிப்பு அந்தத் தொகுப்பைக் கேட்க, அதை அறியாத கணினிகள் நீலத்திரை காட்டின. ‘சரிசெய்து வருகிறோம்’ என்று முதலில் எழுதிய மைக்ரோசாஃப்ட், சில மாதங்களில் அவ்வரியை நீக்கிவிட்டு, கணினியை மாற்றுங்கள் என்றது. தக்கலைக் கடைக்காரர் ஃபார்மேட்டோடாவது நிறுத்திக்கொள்கிறார்.

ஏவிஎக்ஸ் என்ற இன்னொரு ஆணைத்தொகுப்பின் விவகாரம் இன்னும் சுவையானது. 2011-இல் இன்டெல் அதைக் கோர் வரிசைக்குக் கொடுத்து, அதே தலைமுறைப் பெண்டியத்துக்கும் செலரானுக்கும் பூட்டிவைத்தது. 2020-இல் புதிதாக வாங்கிய பெண்டியம் கோல்டு பலவற்றிலும் அது இல்லை. 2021-இன் மாங்கோடிபி 5.0 தரவுத்தளம் அவற்றில் எழுந்து நிற்காது. ஆக, பழமை என்பது வயது மட்டுமன்று, விலையும்தான்.

அயலூர் ஆணையை ஏற்று விழாமலிருக்க முடியுமா? முடியும். இவ்வூர் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். நடப்பது கேரளத் தொல்லியல் துறையின் உத்தரவில். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் இங்கே சேர்ந்தும், உத்தரவு வந்து அரண்மனை ஹேங் ஆனதாகத் தகவல் இல்லை. எது யார் பொறுப்பு என்பது முன்னரே தீர்ந்த விஷயம். நல்ல மென்பொருளும் தொடங்கும்போதே சிபியுஐடி ஆணையால் ‘உனக்கு என்னென்ன தெரியும்?’ என்று செயலியைக் கேட்டு, தெரியாததை விட்டு மெதுவான வழியில் போகும். கேட்கச் சோம்பியவர் எழுதியதே விழுகிறது.

சிகிச்சை: லினக்ஸில் எல்எஸ்சிபியு என்று தட்டி, கேட்கப்படும் ஆணை பட்டியலில் உண்டா என்று பார்க்க. இல்லையெனில், அதைக் கேட்காத கடைசிப் பதிப்பைத் தேடுக. அது பழைய உலாவியானால் வங்கிக் கணக்கை அதில் திறவாதிருக்க. மூலநிரல் கிடைத்தால் அதே கணினியில் தொகுத்துக்கொள்ளலாம். இரவு முழுதும் ஓடும். மறுநாள் மின்வாரியப் பராமரிப்பு உண்டா என்று நாளிதழில் பார்த்துவிட்டுத் தொடங்குக. அவ்வகை விழுகை இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.