பல்புக்கு மறதி வரவழைக்கும் முறைகள்

ஸ்மார்ட் பல்பு என்பது எரிவதோடு நில்லாமல், தான் எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்கும் விளக்கு. அந்த நினைவை அழிப்பதே ரீசெட். ரவுட்டரை மாற்றினாலோ, பல்போடு வாடகை வீட்டைக் காலி செய்தாலோ, பாஸ்வேர்டை மாற்றிய மகன் வெளிநாடு போய்விட்டாலோ இதன் தேவை எழுகிறது.

ரவுட்டரில் இதற்கென்றே ஊசித்துளை உண்டு. பல்பில் பெரும்பாலும் இல்லை. கஞ்சத்தனம் மட்டுமே காரணமன்று. பொத்தானின் விலை சொற்பம். ஆனால் அதற்காகக் கூட்டில் ஓட்டை போட வேண்டும், அச்சை மாற்ற வேண்டும், ஓட்டை வழியே ஈரமும் பூச்சியும் புகாமல் பார்க்க வேண்டும். மலிவான பல்புகளின் சர்க்யூட் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருப்பது வழக்கம். அதில் குண்டூசியை விட்டால் அழிவது பல்பின் நினைவு மட்டுமாக இராது.

எனவே, சுவரில் ஏற்கெனவே இருக்கும் சுவிட்சே பொத்தானாக்கப்பட்டது. கம்பெனிக்குச் செலவு பூஜ்யம். கரண்ட் வரும்போதெல்லாம் பல்புக்குள் இருக்கும் சிப் ஒரு எண்ணைக் கூட்டி எழுதி வைக்கும். பொதுவாக, சில விநாடிகள் தொடர்ந்து எரிந்தால் அந்த எண்ணை அழித்துவிடும். எண் வரம்பைத் தொட்டால் பல்பு யாவற்றையும் மறந்து கண்சிமிட்டும். அணைத்த வேகத்தில் போட்டால் பலனில்லை: கெப்பாசிட்டரில் மிஞ்சிய மின்சாரத்தில் சிப் விழித்திருக்கும், அணைத்ததே அதற்குத் தெரியாது.

வரம்பு எவ்வளவு என்பதில்தான் அறிஞர்கள் தடுமாறுகிறார்கள். மூன்று என்றால் மழைநாளில் விட்டுவிட்டு வரும் கரண்டே ரீசெட் செய்துவிடும். சுவிட்சைத் தட்டி விளையாடும் குழந்தையும் செய்யும். ஐகியாவின் ட்ராட்ஃப்ரி பல்புக்கு ஆறு. விபத்தை அறவே ஒழிக்க முனைந்தது ‘சி பை ஜிஇ’ பல்பு. 2019இல் பரவலாகப் பேசப்பட்ட அதன் விளக்கக் காணொளியின்படி, 8 விநாடி எரியவிட்டு 2 விநாடி அணைக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. பலித்தால் பல்பு மூன்று முறை மின்னும். பலிக்காவிட்டால் அதன் மென்பொருள் பழையது. அதற்குத் தாளமே வேறு. முதல் தாளத்துக்கு மட்டும் 50 விநாடி ஆகிறது. தொழிற்சாலையில் மிச்சமான பொத்தான் காசு, சுவிட்ச் போர்டு முன்னால் நின்று வாய்விட்டு எண்ணுபவரிடம் இப்படி வசூலாகிறது. அந்த 50 விநாடி எந்தக் கம்பெனியின் கணக்கிலும் ஏறுவதில்லை.

சுவிட்ச் முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரே சுவிட்சில் நான்கு பல்புகள் இருந்தால் நான்கும் சேர்ந்தே மறக்கும். ஒன்றை மட்டும் மறக்கவைக்க, மற்ற மூன்றையும் முன்கூட்டியே கழற்றி வைக்க வேண்டும். ஃபிலிப்ஸ் ஹ்யூ பல்பில் அச்சிட்டிருக்கும் ஆறெழுத்துத் தொடர் எண்ணைச் செயலியில் கொடுத்தால் அந்த ஒரு பல்பை மட்டும் பிடிக்கலாம். எண் இருப்பது பல்பின் உடம்பில், எழுத்தோ பொடி. படிக்க ஏணி வேண்டும், கண்ணாடியும் வேண்டும்.