தூக்கத்துக்கு மார்க்குப் போடுற கடிகாரம்

ஏப்பா பேராண்டி, கையில கட்டியிருக்கியே, அது கடிகாரந்தேன? மணி பாக்க இல்லியாம்ல? ராத்திரி நீ எப்பிடித் தூங்குனன்னு காலையில மார்க்குப் போடுமாம்ல? இன்னைக்கு என்ன மார்க்கு? நூத்துக்கு அம்பத்தெட்டா? அதேன் மூஞ்சி தொங்கிக் கெடக்கு. எந்திரிச்சு வந்தப்ப நல்லாத்தேன இருந்த? மார்க்கப் பாத்த பெறகுதேன அசதியே வந்துச்சு?

சிரிக்கலப்பா, கோவிச்சுக்காத. இந்தக் கூத்து ஒனக்கு மட்டும் இல்ல. 2017லயே அமெரிக்காவுல இதுக்கு ஆர்த்தோசோம்னியான்னு பேரு வச்சுப்புட்டாக. தூக்கத்த அளந்து அளந்து பாத்தே தூக்கத்தத் தொலைக்கிற சீக்கு. ஆஸ்பத்திரியில ராத்திரி பூராம் வயரு மாட்டிப் பாத்துட்டு, "நல்லாத்தேம்மா தூங்குற"ன்னு டாக்டரு சொல்றாரு. "அப்பறம் ஏன் என் கருவி சரியில்லங்குது?"ன்னு அந்தம்மா கேக்குது. டாக்டரு பொய்யி, கடிகாரம் மெய்யி. எங்க போயி முட்டிக்கிறது?

சரி, ஒன் ரூமுக்குள்ள எட்டிப் பாத்தேன். மெத்த ஒன்னு கெடக்கு, அதுக்கு ஒரு சோடி எருமை வாங்கலாம். கழுத்துக்கு ஒரு தலகாணி, காலுக்கு ஒரு தலகாணி. கண்ணுக்குக் கறுப்புத் துணி. வாசனைத் தைலம் ஒரு குப்பி. சன்னலப் பூராம் அடச்சுட்டு, காதுல குழாய மாட்டிக்கிட்டு என்னத்தக் கேக்குறான்னு பாத்தா, காத்தடிக்கிற சத்தம்! ஏண்டா, ஆனி ஆடியில கணவாய் வழியா வர்ற காத்து கம்பத்துல கதவப் பேத்துக்கிட்டு அடிக்குது. அதப் பூட்டிப்புட்டுச் செல்லுல காசு கட்டிக் காத்துச் சத்தம் கேக்குறியே, ஒனக்கு என்ன வேணும்? பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதுன்னு சும்மாவா சொல்லி வச்சாக?

கம்பத்துலயும் கூடலூர்லயும் விடியுமுன்ன ரோட்டுக்கு வந்து பாரு. தூக்குச்சட்டியோட பொம்பளையாளுக நிப்பாக. கேரளாவுக்கு ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்புல ஏறி, மலையேறி, நாள் பூராம் குனிஞ்சு காயெடுத்துட்டுப் பொழுது சாயத் திரும்புவாக. அவுகளப் போயி "ஒங்க ஸ்லீப் ஸ்கோரு என்னக்கா?"ன்னு கேளு. தூக்குச்சட்டியாலயே ஒன்னு வைப்பாக.

உழைக்கிறவுகளுக்குக் கவலையே இல்ல, தலைய சாச்சா தூக்கந்தேன்னு கத விடுறவனையும் நம்பாத. அது மெத்தையில படுத்துக்கிட்டு எழுதுறவன் சொல்றது. குழுக்கடன் தவணை அவுகளுக்கும் இருக்கு. மகளுக்கு மாப்பிள்ளை அமையலங்கிற விசனமும் இருக்கு. ஆனா ஒடம்புக்குன்னு ஒரு கணக்கு ஓடுது பாரு. முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒன்னு சேந்துக்கிட்டே வருமாம். அது சேரச் சேரத்தேன் கண்ணு சொருகும். நீ மத்தியானச் சோத்தத் தின்னுட்டு ரெண்டு மணி நேரம் கொறட்டை விட்டா, சேத்ததுல ஒரு பங்க அங்கனயே கரைச்சுப்புடுவ. மிச்சத்தக் காப்பி மறைச்சுப்புடும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையில நின்னு ஸ்ட்ராங்கா ஒன்னு அடிக்கிறியே, அதுல உள்ள கஃபீன் பாதியாகக் கொறையவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும். பதினோரு மணிக்கு நீ படுக்குற. அரைக் காப்பி இன்னும் உள்ள முழிச்சிருக்கு. மெத்தையக் கொற சொல்லி என்ன செய்ய?

"அதெல்லாம் இல்ல தாத்தா, படுத்தா ரோசனை ஓடுது"ங்குற. அப்பிடிச் சொல்லு. இதுதேன் விசயம்.

ரோசனை ஓடாம யாருக்கு இருந்துச்சு? இந்தப் பள்ளத்தாக்குல வெவசாயி எவனாவது மே மாசம் நிம்மதியாத் தூங்கியிருக்கானா? பென்னிகுக் தொரை பெரியாறு அணையக் கட்டி 1895ல தண்ணி விட்ட நாள்ல இருந்து நமக்கு அடிக் கணக்குதேன் சாமி கணக்கு. தண்ணி தேக்குற மட்டம் 152 அடின்னு இருந்துச்சு. 1979ல 136ன்னு எறக்குனாக. கோர்ட்டு கோர்ட்டா ஏறி, 2014ல 142 வரைக்கும் தேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. சூன் ஒன்னாந்தேதி மொதப் போகத்துக்குத் தண்ணி தொறப்பாகளா மாட்டாகளா? 14,707 ஏக்கரு நஞ்சை அந்த ஒரு சேதிக்குக் காத்துக் கெடக்கும். நாத்துப் பாவவா, வேணாமா? நானும் புரண்டுருக்கேன். பெறகு ஒரு நா ரோசிச்சேன். நான் இந்தப் பக்கம் புரண்டு படுத்தா அணையில ஒரு இஞ்சு ஏறுமா? அந்தப் பக்கம் புரண்டா கேரளாக்காரன் மனசு மாறிருவானா?

ஊரே தூங்காத ராத்திரியும் பாத்தாச்சு. 2023 மே 27, அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள்ளயே வந்துருச்சு. கேரளாவுல சின்னக்கானல்ல பிடிச்சு, கழுத்துல ரேடியோ பட்டையக் கட்டி, பெரியாறு காட்டுல விட்ட ஆனை. அது நம்ம தெருவுல ஓடுது. 144 தடை போட்டாக. வெளிய வராதீகன்னு மைக்குல கத்துனாக. சூன் 5 விடியுமுன்ன மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு, கும்கிகள வச்சு லாரியில ஏத்திக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டு போற வரைக்கும், எலை அசைஞ்சாக்கூட முழிப்புத்தேன். நெஞ்சு அடிச்சுக்கிருச்சு, காது கூராயிருச்சு. அது தப்பா? ஆனை வாசல்ல நிக்கும்போது தூங்குனவனத்தேன் கிறுக்கம்பாக. ஒடம்பு அதுக்குத்தேன் நம்மள முழிக்க வைக்குது.

ஒனக்கு என்ன வந்துச்சு? பத்தே முக்காலுக்கு மேனேஜரு "நாளைக்குப் பேசலாம்"னு ஒரு வரி அனுப்பியிருக்காரு. அம்புட்டுத்தேன். ஒன் நெஞ்சும் அதே அடி அடிக்குது. ஒடம்புக்கு மேனேஜரு எது, ஆனை எதுன்னு தெரியாதப்பா. அந்த ஆனையவாவது மயக்க ஊசி போட்டுத்தேன் பட்டை கட்டுனாக. நீ முழிச்சிருக்கும்போதே காசக் குடுத்துக் கையில மாட்டிக்கிட்டு வந்து நிக்குற.

செல்லு வெளிச்சம் நீலம், அது கண்ணுக்கு ஆகாது, அதுக்கு ஒரு மஞ்சக் கண்ணாடி வாங்கணும்னு சொன்னியே. வெளிச்சம் கெடுதிதேன், இல்லங்கல. அத விடப் பெரிய கெடுதி உள்ள ஓடுற வம்பு. மஞ்சக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு மாமியா மருமக சண்டையப் பாத்தா சண்டை மஞ்சளாத் தெரியும். தூக்கம் வருமா?

இப்ப நான் சொல்றதக் கேளு. காசு செலவில்ல, அதுனால ஒனக்கு நம்பிக்கை வராது. ஆனாலும் கேளு.

பொழுதடைஞ்சதும் ஒரு நோட்ட எடு. நாளைக்கு என்னென்ன சோலின்னு எழுது. நேத்து என்ன கிழிச்சங்கிறத எழுதாத, நாளைச் சோலிய எழுது. தெராட்சைத் தோட்டத்துக்காரன் நோட்டப் பாத்துருக்கியா? "மேலப் பந்தலுக்கு மருந்து. கவாத்துக்கு ஆளு சொல்லணும். வேவாரிக்குப் போனு." கம்பத்துப் பன்னீர் தெராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சது பெருமைதேன். ஆனா வருசம் பூராம் காய்க்கிற கொடிக்கு வருசம் பூராம் கவலை. நோட்டுல எறக்கி வச்சாத்தேன் அவனுக்குத் தலை கனம் கொறையும். 2018ல டெக்சாசுல பெய்லர் யுனிவர்சிட்டியில எளவட்டங்களப் படுக்கப் போட்டுப் பாத்துருக்காக. படுக்குமுன்ன அஞ்சு நிமிசம் நாளைச் சோலிய எழுதுனவுக, முடிஞ்ச சோலிய எழுதுனவுகளவிட ஒம்பது நிமிசம் முன்னாடியே தூங்கிட்டாக. வெவரமா எழுதுனவுக இன்னும் வெரசாத் தூங்குனாக. "வாழ்க்கையில முன்னேறணும்"னு எழுதுனா செல்லாது. "பத்து மணிக்குப் பேங்குக்குப் போகணும்"னு எழுது.

ரெண்டாவது விசயந்தேன் ஒனக்குக் கசக்கும். தூக்கம் வராட்டி எந்திரிச்சுரு.

ஆமா, எந்திரிச்சுரு. ஒன் கட்டில்ல என்னென்ன நடக்குது? மடியில பொட்டிய வச்சு ஆபீசு அங்க. சிப்ஸ் பாக்கெட்டு அங்க. போன்ல சண்டை அங்க. கட்டிலப் பாத்தா ஒடம்புக்குத் தூக்க நெனப்பு வரணும்ல? ஒனக்கு மேனேஜரு நெனப்புத்தேன் வரும். ரிச்சர்ட் பூட்சின்னு ஒரு மனோதத்துவ வாத்தியாரு 1972லேயே இதப் பிடிச்சுப்புட்டாரு. கண்ணு சொருகுனாத்தேன் படு. கட்டில்ல தூக்கத்தத் தவிர வேற சோலி வச்சுக்காத, புருசன் பொஞ்சாதி சமாச்சாரம் வேற. கால் மணி, இருவது நிமிசம் போல புரண்டும் வரலையா, எந்திரிச்சு வெளிய வா. மணியப் பாக்காத, குத்துமதிப்பாப் போதும். வந்து செல்ல எடுக்காத. பருப்புல கல்லுப் பொறுக்கு. இப்பத்தேன் பருப்பக் கல்லில்லாமப் பாக்கெட்டுல போட்டு விக்கிறாகளே, அப்ப பழைய பேப்பரப் படி. கண்ணு சொக்குனா திரும்பப் போய்ப் படு. வரலையா, மறுபடியும் எந்திரி. மொத ரெண்டு மூணு நா அவுதிதேன். பெறகு கட்டிலுக்கும் ஒனக்கும் சமாதானம் ஆயிரும்.

கட்டாயம் தூங்கியே ஆகணும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு படுக்காத. வியன்னாவுல விக்டர் ஃபிராங்கல்னு ஒரு டாக்டரு, தூங்க முடியாதவுகள முழிச்சிருக்கவே பாருங்கன்னு சொல்லி விடுவாராம். முழிக்க மெனக்கெட்டாத் தூங்கிருவாக. மனுசப் பயலோட கோணப் புத்தி அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டுனாலும் பதறாத. மூணு பேஸ் கரண்டு ராத்திரியில வந்த காலத்துல, நாங்க நடுச்சாமத்துல எந்திரிச்சு மோட்டாரு ரூமுக்குப் போயி, வாய்க்காலத் திருப்பி விட்டுட்டு, வந்து படுத்து இன்னொரு தூக்கம் தூங்குனவுக. முன்ன ஐரோப்பாக்காரனும் ரெண்டு தவணையாத் தூங்குனவந்தேன்னு ரோஜர் எகிர்ச்சுன்னு ஒரு சரித்திர வாத்தியாரு பொத்தகமே போட்டுருக்காரு. முழிச்சது பாவமில்ல. முழிச்சதும் செல்லத் தடவுறதுதேன் பாவம்.

அப்பவும் ரோசனை நிக்கலையா? ஆட்ட எண்ணாத. 2002ல ஆக்ஸ்போர்டுல பாத்துருக்காக: ஒன்னும் சொல்லாம விட்டவுகளவிட, மனசுக்குப் பிடிச்ச ஒரு காட்சிய நுணுக்கமா நெனச்சவுக முன்னாடியே தூங்கிட்டாக. நீ லோயர் கேம்ப்புல பஸ் ஏறு. சன்னலோரம் உக்காரு. கூடலூரு, கம்பம், புதுப்பட்டி, அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம்னு பைய வா. எந்தக் கடை எங்கிட்டு இருக்கு, எங்கன வாழை, எங்கன தென்னைன்னு ஒன்னொன்னாப் பாத்துக்கிட்டே வா. சின்னமனூரத் தாண்டி வீரபாண்டிக் கோயிலப் பாத்தவுக கொஞ்சப் பேருதேன். தேனி பஸ் ஸ்டாண்டுல எறங்குன ஆள நான் இன்னும் பாக்கல.

நம்ம பாட்டம்பூட்டனுக எல்லாத்தையும் அப்பவே கண்டுபிடிச்சுட்டாகன்னு ஒருத்தன் வருவான். வடக்க தலை வச்சதுதேன் கோளாறும்பான், சாதிக்காய்ப் பொடிய எண்ணூறு ரூவாய்க்கு விப்பான். அவன் ஒன் கடிகாரக் கம்பெனிக்குச் சித்தப்பன். ரெண்டு பேரையும் வாசலோட அனுப்பு. படுக்க ஒன்னு ஒன்னரை மணி நேரம் முன்ன சுடுதண்ணியில குளி, அது நெசமாவே ஒதவும். குளிச்சுட்டு வந்தா ஒடம்பு சூடு பையக் கொறையும், தூக்கம் வரும்.

ஒன்னு மட்டும் வெளையாட்டில்ல. மூணு மாசமா, வாரத்துல மூணு ராத்திரிக்குக் கொறையாமத் தூக்கம் வரலைன்னா, இல்ல கொறட்டைக்கு நடுவுல மூச்சு நிக்குதுன்னு ஒம் பொஞ்சாதி சொன்னா, டாக்டரப் பாரு. நம்ம தேனிப் பக்கம் க.விலக்குல மெடிக்கல் காலேஜு ஆஸ்பத்திரி இருக்கு. மனநல டாக்டருகிட்டப் போனா கிறுக்குப் பட்டம் கட்டிருவாகன்னு கூச்சப்படாத. மெடிக்கல் கடையில நீயா மாத்திரை வாங்கி முழுங்காத. பழக்கத்த மாத்துற வைத்தியத்தத்தேன் மொதல்ல குடுக்கணும்னு 2016ல அமெரிக்க டாக்டருக சங்கமே சொல்லிருச்சு.

கடேசியா ஒன்னு. எத்தன மணிக்குத் தூங்குறங்கிறது ஒன் கையில இல்ல. எத்தன மணிக்கு எந்திரிக்கிறங்கிறது ஒன் கையில இருக்கு. ஞாயித்துக்கெழமையும் அதே மணி. நாளைக்கு அஞ்சரைக்குக் கதவத் தட்டுவேன். தூங்குனயா தூங்கலையான்னு கேக்க மாட்டேன். எந்திரிச்சு வா.