தானே ஓடும் காருக்குத் தண்டலத்தில் தேர்வு

சென்னையை அடுத்த ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கவே ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வழவழ ஓடுதளம், பளிச்சென்று கோடு. அங்கே தேறிய கார் அப்படியே தண்டலம் சாலைக்கு வரட்டும். ராங் சைடில் ஒரு பைக். அதில் மூன்று பேர், ஹெல்மெட் முழங்கையில். பின்விளக்கே இல்லாமல் ஓரங்கட்டிய டிரெய்லர். இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் திரும்பும் ஷேர் ஆட்டோ. நடுவே நிதானமாக அசைபோடும் எருமை. கேமராவும் ரேடாரும் கைகூப்பிவிடும்.

ஓட்டுநர்கள் வேலை போய்விடும், தானோட்டிக் கார்களை அனுமதிக்க மாட்டேன் என்று 2023-இல் அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். நியாயம்தான். ஆனால், செல்போனைப் பார்த்தபடியே ஸ்டியரிங் பிடிக்கிறார்களே, அந்தக் கார்களை யார் ஓட்டுகிறார்களாம்? ஐயா, முதலில் அவற்றைத் தடை செய்யுங்கள்.